கன்னியப்பனின் வலது கண்

முதியோர் வார்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூட்டுவலி, மலச்சிக்கல், ஆண்களுக்கு ப்ராஸ்டேட், எல்லோருக்கும் கண்புரை. இவற்றையெல்லாம் எப்படிக் கவனிப்பது என்று உங்கள் பாடப்புத்தகத்தில் என்னைவிட நன்றாகவே போட்டிருக்கும். மருந்தும் முறையும் நான் ஓய்வு பெற்ற பிறகு எத்தனையோ மாறிவிட்டன, அந்த வம்புக்கு நான் வரவில்லை. எழுபதுகளில் ஒரு கோடையில், திருக்கழுக்குன்றத்தில், டாக்டர் கழுகு பார்க்கப் போயிருந்த நேரத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் கருங்குழிக்காரி. செங்கல்பட்டில் நர்ஸ் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, என் வீட்டுக்காரர் வடக்கே ரயில்வே வேலைக்குப் போய்விட்டார். வருஷத்துக்கு ஒரு முறை லீவு கிடைத்தால் வருவார். அதனால் கண் சிகிச்சை முகாம், தடுப்பூசி முகாம் என்று எதற்கு ஆள் கேட்டாலும் முதலில் கை தூக்குகிறவள் நான்தான். சேவை மனப்பான்மை என்று எல்லோரும் பாராட்டினார்கள். காலியான அறைக்குத் திரும்பிப் போகப் பிடிக்காமல்தான் போனேன் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த முகாம், கோடை விடுமுறைக்குப் பூட்டியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. பெஞ்சுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டால் கட்டில். இப்போது கண்புரை ஆபரேஷன் என்றால் காலையில் போய் மத்தியானம் வீட்டில் சாப்பிடுகிறீர்கள். அப்போது அப்படி இல்லை. ஒரு கண்ணில் ஆபரேஷன் என்றாலும் இரண்டு கண்ணையும் கட்டிவிடுவார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பையை வைத்து, மல்லாந்து படுத்த நிலையிலேயே நாட்கணக்கில் கிடக்க வேண்டும். குனியக் கூடாது, முக்கக் கூடாது, இருமக் கூடாது, தும்மவே கூடாது. ஒரு பெரிய தும்மல் வந்தால் தையல் விட்டுவிடும், கண் போய்விடும். எனவே எங்கள் முதல் வேலை மூக்குப்பொடி டப்பாவைப் பறிமுதல் செய்வது. பாட்டிமார்கள் அதை இடுப்புச் செருகலில், சுருக்குப்பையில், கொண்டைக்குள்கூட ஒளித்து வைப்பார்கள். கொண்டையைத் தடவிப் பார்த்தால் கோபம் வேறு வரும்.

ஆண்கள் கூடத்தில் கடைசி பெஞ்சில் படுத்திருந்தவர் கன்னியப்பன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கட்டுமரம் வைத்திருந்தவர். இடது கண், வாலிபத்திலேயே மரம் புரண்டு கட்டை அடித்ததில் போய்விட்டது. மீதியிருந்தது வலது கண் ஒன்று. அதிலும் புரை விழுந்து இரண்டு வருஷமாகக் கடலுக்குப் போக முடியாமல் கரையில் உட்கார்ந்திருந்தார். முகாமுக்கு அவரை யாரும் இழுத்து வரவில்லை, விஷயம் கேள்விப்பட்டு அவரே அடம்பிடித்து வந்தார். கண் சரியானால் என்ன செய்வீர்கள் தாத்தா என்று கேட்டேன். கடலில் நின்று இந்த மலையைப் பார்க்கணும் என்றார். கரையே தெரியாத தூரத்தில்கூட திருக்கழுக்குன்றத்து மலை தெரியுமாம். அதை வைத்துத்தான் திசை பிடிப்பார்களாம். மலையடிவாரத்தில் படுத்துக்கொண்டு அவர் அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. அவர் அந்த மலைக்காக ஏங்கிப்போயிருந்தார்.

கூட வந்தவர் அவருடைய மனைவி பச்சையம்மா. ஆண்கள் கூடத்துக்குள் பெண்கள் வரக் கூடாது என்பது முகாம் சட்டம். சாப்பாடு ஊட்டும் நேரத்துக்கு மட்டும் உள்ளே விடுவோம். மற்ற நேரமெல்லாம் அந்த அம்மாள் மைதானத்து வேப்பமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து, கூடத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் கழுகுகள் வந்து சோறு எடுக்கும் அதிசயத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தில் அதைப் பார்க்க பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வருவார்கள். மெட்ராஸிலிருந்து வந்திருந்த எங்கள் டாக்டருக்கும் ஆசை. காலை வேலையை முடித்து, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் மலையேறினார். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. போகும்போது, யாராவது ரொம்ப அலட்டினால் தூக்க ஊசி போடச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பாதி மலை ஏறியிருப்பார். கடைசி பெஞ்சிலிருந்து குரல் கேட்டது.

"டேய் பெரியவனே, மரத்த எறக்குடா. விடியப் போவுது."

கனவு காண்கிறார் என்று நினைத்தேன். கிட்டே போனால், தூக்கமில்லை. தலையை மணல் பைகளுக்கு நடுவே உருட்டத் தொடங்கியிருந்தார். தாத்தா, இது ஆஸ்பத்திரி, கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அசையக் கூடாது என்றேன். அவர் காதில் ஏறவில்லை. துடுப்பு எங்கே என்று கேட்டார். கை கண்கட்டை நோக்கிப் போனது. பிடித்தேன். அந்த வயதிலும் கடல்காரர் கை, என்னை உதறித் தள்ளியது. காலை ஊன்றி எழப் பார்த்தார்.

கூடத்தில் எனக்குத் துணைக்கு இருந்தவர் முகாமுக்கு வந்திருந்த ஸ்ட்ரெச்சர் தூக்கும் ஆள் ஒருவர்தான். நல்ல பலசாலி, நல்ல மனுஷர். பாண்டேஜ் துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். கையைக் கட்டிப் போட்டுவிட்டு ஊசியைப் போட்டுவிடலாம் என்றார். அதுதான் வழக்கமும். நானும் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டேன்.

அந்த நிமிஷத்தில் என் மனதில் ஓடியதை உள்ளபடியே சொல்கிறேன். இந்த மனிதருக்கு இருப்பது ஒரே கண். கட்டிப்போட்டால் திமிருவார், திமிரினால் தையல் விடும். ஊசி போட்டால் அது வேலை செய்ய நேரம் ஆகும், அதற்குள் இன்னும் மிரளுவார். மலை உச்சியில் இருக்கும் டாக்டரைக் கூப்பிட்டுவர ஆள் அனுப்பினால், அவர் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நேற்று வரை தெளிவாகப் பேசிய மனுஷருக்கு ஒரே ராத்திரியில் எப்படிப் புத்தி தடுமாறும் என்ற கேள்வி மட்டும் நெருடிக்கொண்டே இருந்தது.

அவரை அமர்த்துவதற்காக இடது கையை வயிற்றின் மேல் வைத்தேன். வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது. தொப்புளுக்குக் கீழே இளநீர்க் காய் மாதிரி கெட்டியாக உருண்டு நின்றது. அமுக்கினதும் முனகினார்.

காலையிலிருந்து சிறுநீர் போயிருக்கிறதா என்று ஸ்ட்ரெச்சர்காரரைக் கேட்டேன். படுத்தபடியே போகிற பாத்திரம் வைத்தாராம், வேண்டாம் என்று தள்ளிவிட்டாராம். நேற்று மத்தியானம் வைத்தபோதும் அப்படித்தானாம். வாழ்நாள் முழுக்க அலையோரத்தில் காற்றாட நின்று போனவர், நாலு சுவருக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு, பக்கத்தில் பெண் நடமாடும் இடத்தில், எப்படிப் போவார்? வெட்கத்தில் அடக்கியிருக்கிறார். ப்ராஸ்டேட் ஏற்கெனவே வீங்கிய வயசு. போதாததற்குக் கண்ணில் விடுகிற சொட்டு மருந்து, சிறுநீரையும் போகவிடாமல் செய்யும், வயதானவர்களின் புத்தியையும் குழப்பும். எல்லாம் சேர்ந்து, இரண்டு கண்ணும் கட்டியிருக்க, பகல் எது ராத்திரி எது என்று தெரியாமல் மனுஷர் கடலுக்குப் போய்விட்டார்.

அந்த ஊசியைத் தட்டில் திருப்பி வைத்தேன். நீங்கள் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. தெளிவாக இருந்த ஒரு முதியவருக்குத் திடீரென்று புத்தி பிசகினால் அதை வயசின் மேல் போடாதீர்கள். வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் போனதா, மலம் போனதா, ஜுரம் இருக்கிறதா, புதிதாக என்ன மருந்து கொடுத்தோம் என்று பாருங்கள். இது பகல், இது இன்ன ஊர் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தெரிந்த குரல் ஒன்றைப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். கையைக் கட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

குழாய் போட்டு எடுக்கலாம்தான். ஆனால் அந்தக் காலத்தில் ஆண் நோயாளிக்கு அதை டாக்டர்தான் செய்வார், நாங்கள் பழகியதில்லை. மிரண்டு கிடப்பவரிடம் பழகாத கையோடு போகவும் எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரே வழி, அவரைத் தலை ஆடாமல் மெல்லத் தூக்கி நிறுத்துவது. படுத்தே இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அதை மீறுகிறேன் என்று தெரிந்துதான் மீறினேன். வேப்பமரத்தடிக்கு ஆள் அனுப்ப வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பெரியவனே என்று அவர் கூப்பிட்ட குரலைக் கேட்டு பச்சையம்மா ஏற்கெனவே வாசற்படியில் வந்து நின்றிருந்தார். சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னேன்.

"இன்னாய்யா, இன்னாத்துக்கு இந்தக் கூவு கூவுற?" என்றார் பச்சையம்மா, கன்னியப்பன் தலைமாட்டில் நின்று. உருண்டுகொண்டிருந்த தலை நின்றது.

நான் அவசர அவசரமாக விஷயத்தைச் சொன்னேன். நாங்கள் இருவரும் உடம்பைத் தூக்குவோம், நீங்கள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும், தலை குலுங்கினால் கண் போச்சு, உங்களால் முடியுமா என்று கேட்டேன்.  அந்த அம்மாள் கட்டுப் போட்ட முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், அவர் காதில் விழாதபடி என் பக்கமாக நகர்ந்து தணிந்த குரலில் சொன்னார்.

"நர்ஸம்மா, இப்போ பேர் சொல்லிக் கூப்ட்டுச்சே, அந்தப் பெரிய மவன கடலுக்குக் குட்த்துட்டேன். கெய்வனுக்குக் கண்ணு தெரியாத இந்த ரெண்டு வருசமாத்தான் நான் கண்ண மூடித் தூங்கறேன். கண்ணு வந்துச்சின்னா மறுபடி மரத்த எறக்கிகினு போயிடும்."

 கண் பிழைக்கக் கூடாது என்று நினைக்கக் காரணம் உள்ள ஒருவரின் கையில் அந்தக் கண்ணைக் கொடுக்கப் போகிறேன். தலையை ஸ்ட்ரெச்சர்காரர் பிடிக்கட்டும், நீங்கள் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் குரல் பட்டுத்தான் அவர் தலை அசையாமல் கிடக்கிறது. யோசிக்க நேரம் இல்லை. நான் அந்த அம்மாளுடைய முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்த்தேன். மீன்கூடை தூக்கித் தூக்கிக் காய்ப்பேறிய கைகள், ஏற்கெனவே அவர் தலையின் இரண்டு பக்கமும் போயிருந்தன. தொடவில்லை, நான் சொல்வதற்காகக் காத்திருந்தன.

"பிடிங்க ஆயா," என்றேன்.

பிடித்தார். தளும்பத் தளும்ப நிரம்பிய குடத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்தார். நாங்கள் மெல்ல உட்கார வைத்து, மெல்ல நிறுத்தி, அடிமேல் அடி வைத்துக் கூடத்தின் பின்வாசலுக்கு அழைத்துப் போனோம். வெளியே ஆள் இல்லாத பொட்டல். கிழக்கிலிருந்து கொஞ்சம் காற்று. ஸ்ட்ரெச்சர்காரர் முதுகைத் தாங்கிக்கொண்டார். நின்றோம், நின்றோம், ஒன்றும் நடக்கவில்லை.

"நீ அப்பால போம்மா," என்றார் பச்சையம்மா என்னிடம். "பொம்பள நின்னா வராது."

நீங்களும் பெண்தானே என்றேன்.

"நான் பொண்டாட்டி."

திரும்பி நின்றுகொண்டேன். முதுகுக்குப் பின்னால் அந்த அம்மாள் அவரிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். நெத்திலி நிறைய விழுகிறது, சின்னவன் வலை கிழிந்து கிடக்கிறது, எதிர்வீட்டுக்காரி ஆடு உன் பழைய பாயைத் தின்றுவிட்டது, இப்படி ஊர்ச் சங்கதி. அவர் உம் கொட்டினார். பிறகு சத்தம் கேட்டது, முதலில் விட்டு விட்டு, அப்புறம் விடாமல். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அழுதேனா சிரித்தேனா என்றும் தெரியாது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. என் தலையை இப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள், ஆடு பாயைத் தின்ற கதையைச் சொல்ல ஒரு ஆள், எத்தனையோ ரயில் நிலையங்களுக்கு அப்பால் இருந்தார்.

"இன்னா நேரம் இது?" என்று கன்னியப்பன் கேட்டது காதில் விழுந்தது.

"பகலுய்யா. உச்சி வெயிலு."

"பகலா?" என்றார். பிறகு வெகுநேரம் கழித்து, "அப்போ பெரியவன் இல்ல?"

"இல்ல," என்றார் பச்சையம்மா. "வா, படு."

அவர் வந்து படுத்துக்கொண்டார். அந்த அம்மாள் கையைத் தலையிலிருந்து எடுக்கவே இல்லை, டாக்டர் வரும்வரை அப்படியே நின்றார்.

டாக்டர் வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சத்தம் போட்டார். அப்புறம் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், மீதி இருந்ததைக் குழாய் போட்டு எடுத்தார், சொட்டு மருந்தைக் குறைத்தார். கடைசியில் டார்ச் வெளிச்சத்தில் கட்டைப் பிரித்துப் பார்த்தார்.  தையல் அப்படியே இருந்தது. கழுகு வந்ததா சார் என்று கேட்டேன். வந்தது, இனிமேல் நான் பார்க்கப் போவதாக இல்லை என்றார். அன்றிலிருந்து முகாம் முடியும்வரை எல்லாத் தாத்தாக்களுடைய வயிற்றையும் அவரே தடவிப் பார்த்தார். அவரவர் வீட்டு அம்மாள்கள் ஆண்கள் கூடத்தில் உட்காரலாம் என்று சட்டமும் மாறியது.

புண் ஆறிய பிறகு, கண்ணாடி கொடுக்கும் நாளில் கன்னியப்பன் மறுபடி வந்தார். சோடாபுட்டிக் கண்ணாடி. அதைப் போட்டதும் கண் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். முதல் வேலையாக வாசலுக்குப் போய் மலையை அண்ணாந்து பார்த்தார். பச்சையம்மா அவர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் என்னிடம் அதிகம் பேசவில்லை. போய்விட்டார்கள்.

அடுத்து வந்த பொங்கலுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்த என் வீட்டுக்காரர் வரவில்லை. லீவு இல்லை. பண்டிகை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறையில் இருக்கப் பிடிக்காமல் மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினேன். ஏன் அந்தப் பக்கம் போனேன் என்று அப்போது எனக்கே தெரியாது. இறங்கி, விசாரித்து, மணலில் நடந்து அந்தக் குப்பத்தைக் கண்டுபிடித்தேன். கரையில் வலை உலர்ந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால், அலை வந்து காலைத் தொடுகிற இடத்தில், பச்சையம்மா தனியாக நின்றுகொண்டிருந்தார். அடர் சிவப்புப் புடவை. வெயிலில் கண் கூச, கையை நெற்றிமேல் வைத்திருந்தார்.

தாத்தா எங்கே என்று கேட்டேன். முகவாயால் கடலைக் காட்டினார்.

"நான் சொன்னேன்ல," என்றார். குரலில் கோபம் இல்லை. கண்ணாடியை வலைக் கயிறு போட்டுத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போகிறாராம். சின்னவன் கூடப் போகிறானாம்.

ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"வுடாம? தெனம் வூட்டுல குந்திகினு கடலைப் பாத்துகினு இருந்தா எனுக்கு மட்டும் நல்லாவா கீது? கண்டிசன் போட்டுக்கீறேன். நான் இங்கியே நிப்பேன். நான் நிக்கறது எம்மாந்தூரம் தெரியுதோ அம்மாந்தூரம்தான் போவணும். தெரியலன்னா திரும்பிடணும்."

நான் கடலைப் பார்த்தேன். தூரத்தில் கோடு கிழித்த மாதிரி ஒரு கட்டுமரம், அதன்மேல் இரண்டு புள்ளி. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உப்புத் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க, அங்கிருந்து கரையில் நிற்கும் ஒருத்தியைப் பார்க்க முடியுமா? கண் டாக்டரைக் கேட்டால் சொல்லியிருப்பார். நான் கடைசி வரை கேட்கவில்லை.

"தெரியுதுன்னு சொல்றாரா ஆயா?"

"சொல்லுது. மலைக்கி நேரா கீழ செவப்பா தெரியுதுன்னு சொல்லுது." அந்த அம்மாள் புடவையை ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு பின்னால் திரும்பி, மேற்கே மங்கலாகத் தெரிந்த மலைக்கு நேராக இருக்கிறோமா என்று பார்த்து, ஒரு எட்டு நகர்ந்து நின்றார்.

 மாமல்லபுரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எனக்குப் போக மனசில்லை. தன் மனிதர் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்க அந்த அம்மாளுக்கு ஓர் இடம் இருந்தது. நான் எந்தத் திசையைப் பார்த்து நிற்பது என்று நினைத்தேன். வந்தேன், பார்த்தேன், கிளம்புகிறேன் ஆயா என்றேன். பச்சையம்மா என் முகத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பற்றி நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"இரு, போவலாம்," என்று என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்தார். "நீயும் நில்லு. ரெண்டு பேரா நின்னா இன்னும் கொஞ்சம் தூரத்துக்குத் தெரியும். கெய்வன் இன்னும் கொஞ்சம் போவட்டும்."

பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன்.